எனக்குத் திறக்கவில்லை, உங்களுக்குத் திறக்கிறதா?

மாம்பாறைப்பதி கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்தைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் சொல்லட்டும், வந்த கடிதத்துக்குப் பதில் போடாத அலுவலகம் என்று மட்டும் சொல்ல முடியாது. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கோயமுத்தூர் பஸ் திரும்பும் இடத்தில் நிற்கும் அந்த மஞ்சள் கட்டிடத்துக்குள் எந்தத் தபால் நுழைந்தாலும் அதற்கு ஒரு நம்பர் விழும், ஒரு முத்திரை விழும், பிறகு 'தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம்' என்று ஒரு பதில் புறப்படும். கேட்ட காரியம் நடந்ததா என்பது வேறு விஷயம். அதைக் கேட்கிறவர்கள் பதிலின் அருமை தெரியாதவர்கள்.

எனக்கு அந்த அலுவலகத்தின் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. என் வீட்டு முன்னால் ஒரு தெருவிளக்கு வேண்டும் என்று நான் கொடுத்த அபேட்சை, அதாவது விண்ணப்பம், அங்கே கிடக்கிறது, அவ்வளவுதான். அதற்கும் பல பதில்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் டார்ச் அடித்து வாசித்திருக்கிறேன்.

காகிதம் போய் மின்னஞ்சல் வந்த பிறகும் இந்த நல்ல வழக்கம் மாறவில்லை. காரணம், செக்ரட்டரி துரைசுவாமி. கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். விதிப் புத்தகத்தைத் தலைகீழாகச் சொல்வார். நேராகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மின்னஞ்சல் வந்த புதிதில் ஒரு நாள், கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குச் சில கடிதங்களை மட்டும் பிரித்துக் 'குப்பை' என்று பெயர் எழுதிய ஒரு பெட்டியில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்து அவர் பதறிப் போய்விட்டார்.

"ஒரு அபேட்சையைக் குப்பைன்னு சொல்றதுக்குக் கம்ப்யூட்டர் ஆரு? அது என்ன கெஸட்டட் ஆபீஸரா?" என்று கேட்டார். "தபாலைத் தள்ளறதுக்கு எனக்கே அதிகாரம் கெடையாது. அதிகாரம் கமிட்டிக்காக்கும்."

அன்றிலிருந்து தபால் பிரிவு கிளார்க் அம்ருதாவுக்குக் காலையில் முதல் வேலை, குப்பைப் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் கடிதங்களை எல்லாம் மரியாதையாக வெளியே அழைத்து வந்து நம்பர் போடுவதுதான்.

இதனால் பஞ்சாயத்தின் வெளியுறவு வெகுவாக வளர்ந்தது. ஏதோ ஒரு ஆப்பிரிக்க நாட்டு இளவரசி, தகப்பனார் விட்டுப்போன தங்கத்தைப் பத்திரப்படுத்த உதவி கேட்டு எழுதியிருந்தாள். மகளிர் நல நிலைக்குழு அவள் நிலையை அனுதாபத்துடன் பரிசீலித்து, 'மனுதாரர் இந்தப் பஞ்சாயத்தில் நிரந்தரமாக வசிப்பவர் என்பதற்கான சான்று இணைக்கப்படவில்லை' என்று திருப்பி அனுப்பியது. வெளிநாட்டு லாட்டரியில் பரிசு விழுந்திருக்கிறது என்று எழுதியவரிடம் அசல் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னார்கள். உடம்பு இளைக்க மாத்திரை விற்றவரின் கடிதம் ஆரோக்கிய நிலைக்குழுவில் இன்றும் நிலுவையில் இருக்கிறது. உறுப்பினர்கள் சிலர் ரகசியமாக விசாரித்ததாகவும் கேள்வி.

இந்தக் குப்பைக் கடிதங்களிலும் சேலை டிசைன் மாதிரி வருடத்துக்கு ஒரு மோஸ்தர் உண்டு. ஒரு காலத்தில் எங்கே பார்த்தாலும் லாட்டரி. பிறகு இளவரசி. பிறகு 'உங்கள் கூரியர் வழியில் நிற்கிறது'. அதற்கப்புறம் 'இன்று மாலைக்குள் உங்கள் கரண்ட் கட்'. எந்தக் காலத்தில் ஜனங்களுக்கு எதன் மேல் ஆசை, எதன் மேல் பயம் என்று திருடன் நன்றாகப் படித்து வைத்திருக்கிறான். அவ்வளவு அக்கறையாக நம்மைப் படித்தவர்கள் வேறு யாரும் இல்லை என்பது என் அபிப்பிராயம். அப்படிப் படித்தவன்தான், அரசாங்க அலுவலகத்துக்கு எழுதும்போது பரிசு, தங்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 'ஆடிட் ஆட்சேபணை: மிக அவசரம்: இணைப்பைக் காண்க' என்று எழுதினான்.

"சார், ஆடிட் அப்ஜெக்ஷன் ஒண்ணு வந்திருக்குங்க," என்றாள் அம்ருதா.

துரைசுவாமி அப்போதுதான் வாயில் வைத்த உளுந்து வடையை அப்படியே நிறுத்தினார். "தொறந்தேளா?"

"தொறந்தேனுங்க. ஒண்ணும் வரலீங்க. மறுபடியும் தொறந்தேன். அப்பவும் வரலீங்க."

"சரியாத் தொறந்திருக்க மாட்டேள். எனக்கு அனுப்புங்கோ."

அம்ருதா முறைப்படி ஒரு குறிப்பு எழுதினாள்: 'எனக்குத் திறக்கவில்லை. தங்களுக்குத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டுகிறேன்.' இணைப்போடு அனுப்பினாள். துரைசுவாமி திறந்தார். கம்ப்யூட்டர் நடுவில் குறுக்கிட்டு, 'இந்த இணைப்பு ஆபத்தாக இருக்கலாம், திறக்கத்தான் வேண்டுமா?' என்று ஒரு முறை கேட்டது. "ஆடிட்னா ஆபத்துதானே," என்று சொல்லி 'ஆம்' என்ற இடத்தில் அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. அதே குறிப்பைத் தன் பெயரில் எழுதி பிரசிடெண்ட் செல்லாத்தாளுக்கு அனுப்பினார்.

செல்லாத்தாள் தென்னந்தோப்பும் கறவை மாடுகளும் வைத்திருக்கும் அம்மாள். கறாரானவர். தனக்கு ஒன்று புரியவில்லை என்றால் வேறு யாருக்காவது புரிகிறதா என்று பார்க்காமல் விடமாட்டார்.

"எனக்கும் தொறக்கலீங்க செக்ரட்டரி. இஞ்சினியர் ரூமுக்கு அனுப்பிப் பாருங்க. அங்கதான் புது கம்ப்யூட்டர் இருக்குது."

புது கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை. அங்கிருந்து வரிப் பிரிவுக்குப் போனது. வரிப் பிரிவிலிருந்து விவசாய ஆபீசுக்குப் போனது. அன்று மத்தியானத்துக்குள் அந்தக் கட்டிடத்தில் அதைத் திறந்து பார்க்காதவர் வாட்ச்மேன் ஒருவர்தான். அவருக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கவில்லை.

அந்த இணைப்பின் தொழில், ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும் அதிலிருக்கும் ஃபைல்களை எல்லாம் ஒன்று விடாமல் பூட்டிவிடுவது. பூட்டியும் விட்டது; கடிதம் போய்வர மின்னஞ்சலை மட்டும் விட்டு வைத்தது. வேறு இடமாக இருந்தால் உடனே தெரிந்திருக்கும். இங்கே ஃபைல் திறக்காமல் இருப்பது ஒரு செய்தி அல்ல என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புதன்கிழமை குஞ்சு முகம்மது வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

குஞ்சு முகம்மதுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலமடைப் பக்கம் மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்து வியாபாரம் செய்கிற ராவுத்தர் குடும்பம். இத்தனை காலமும் காயைப் பறித்து, கமிஷன் கடைக்காரன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, அவன் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டு வந்தவர். இந்த சீசனில் அவருக்கும் அவர் மனைவி ரம்லாவுக்கும் ஒரு துணிச்சல் பிறந்தது. தோப்பிலேயே ஒரு ஷெட் கட்டினார்கள். உள்ளே குளிர் அறை. காயை அதில் வைத்துப் பதமாகத் தங்கள் பெயரிலேயே வடக்கே அனுப்புவது என்று முடிவு. எல்லாம் தயார். ஷெட்டுக்குக் கரண்ட் மட்டும் வரவேண்டும். கரண்ட் வேண்டுமானால் பஞ்சாயத்து, கட்டிட நம்பர் தரவேண்டும். அந்த ஃபைல் மேஜை மேஜையாகச் சுற்றிக் கடைசியில் துரைசுவாமியிடம் வந்திருந்தது. அவரும், "புதன்கிழமை கையெழுத்து, ராவுத்தரே. நீங்க காயைப் பறிச்சுக்கோங்கோ," என்று வாயாரச் சொல்லியிருந்தார். ஒரு செக்ரட்டரி வாயால் சொன்னதை நம்பி அல்போன்சாவைப் பறித்துப் பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கியது ஒன்றுதான் குஞ்சு முகம்மது செய்த தப்பு.

"ஃபைல் தொறக்கலை, ராவுத்தரே," என்றார் துரைசுவாமி.

"அது எப்பவுந்தான் தொறக்காது சாரே. இன்னைக்கு என்ன காரணம்னு கேக்கறேன்."

அம்ருதா திரையைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு நிறத்தில் ஓர் அறிவிப்பு. மேலே ஆங்கிலம், மலையாளம், தமிழ் என்று மூன்று மொழியில் எது வேண்டும் என்று கேட்டிருந்தது. தமிழை அழுத்தினாள். 'வணக்கம். உங்கள் கோப்புகள் அனைத்தும் எங்களால் பூட்டப்பட்டுள்ளன. பயப்பட வேண்டாம். அவை பத்திரமாக இருக்கின்றன. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். உரிய தொகை செலுத்தினால் சாவி அனுப்பப்படும். விவரங்களுக்குக் கீழ்க்கண்ட முகவரிக்கு எழுதுங்கள். விடுமுறை நாட்களிலும் பதில் தரப்படும். உங்கள் சேவையில், உதவி மையம்.'

எங்கள் ஊரில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். விண்ணப்பப் படிவத்தைத் தமிழிலும் அச்சடித்துக் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு எங்கள் பல் விழுந்துவிட்டது. திருடன் வந்த முதல் நாளே தமிழில் எழுதியிருக்கிறான். அதுவும் 'வருந்துகிறோம்' என்று. அந்தக் கட்டிடத்துக்குள் அந்த வார்த்தையை யாரும் பார்த்ததே இல்லை.

"பேசாம இவங்ககிட்டயே அபேட்சை குடுத்தா நம்பர் குடுத்துருவாங்க போலிருக்குதே," என்றார் குஞ்சு முகம்மது.

"வெளையாடாதீங்கோ."

"வெளையாடலை சாரே. காய் பெட்டியில இருக்குது. பழைய மாதிரி ஒரு காகிதத்துல எழுதி நம்பர் போட்டுக் குடுங்க. நான் கரண்ட் ஆபீசுக்கு ஓடறேன்."

துரைசுவாமி விதியை விளக்கினார். "உங்க ஃபைல் தொலையலை. இருக்கு. பூட்டியிருக்கு. இருக்கற ஃபைலுக்கு மறுபடியும் ஒரு ஃபைல் போட்டா, ரெண்டு கட்டிடம்னு அர்த்தம். ரெண்டாவது கட்டிடம் எங்கேன்னு ஆடிட்ல கேப்பா. காட்டுவேளா?"

குஞ்சு முகம்மதுவால் காட்ட முடியாது. வீட்டுக்குப் போனார்.

விஷயம் மேலிடத்துக்கு அறிக்கையாகப் போனது. அறிக்கையோடு ஆதாரத்தை இணைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அந்த இணைப்பையும் இணைத்தார்கள். மேலிடத்தில் அதைத் திறந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் திறக்கவில்லை. ஆனால் அவர்கள் மாம்பாறைப்பதி மாதிரி கை கட்டி உட்காரவில்லை. உடனடியாக நடவடிக்கை எடுத்தார்கள். அதாவது, எல்லாப் பஞ்சாயத்துகளுக்கும் ஒரு சர்க்குலர் அனுப்பினார்கள்.

'இத்துடன் இணைக்கப்பட்டுள்ள இணைப்பைப் போன்ற இணைப்புகள் வந்தால் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. எதைப் போன்றது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளும் பொருட்டு இணைப்பைத் திறந்து பார்த்து, பார்த்ததாகச் சான்றளிக்க வேண்டும்.'

இவ்வளவு தெளிவான உத்தரவு சமீபத்தில் வந்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல உத்தரவு என்றால் நம் ஆட்கள் அலட்சியம் செய்வார்களா? சமவெளியில் நெல் விளையும் ஊர் முதல் இடுக்கி மலை மேலே காரட்டும் பூண்டும் விளையும் ஊர் வரை எல்லாரும் திறந்து பார்த்தார்கள். எல்லாரும் சான்றளித்தார்கள். ஜீப் போகாத இடத்துக்கெல்லாம் அது போனது. 'சர்க்குலருக்கு இணங்கத் திறந்தோம். எங்களுக்குத் திறக்கவில்லை. தங்களுக்குத் திறக்கிறதா என்று தெரிவிக்கவும்' என்ற பதில்கள் மேலிடத்தில் வந்து குவிந்தன. உத்தரவுக்கு முழுமையாக இணங்கிய வகையில் அது ஒரு சாதனை.

இதற்கிடையே திருடனின் கடிதத்துக்குப் பதில் போட வேண்டிய கடமை மாம்பாறைப்பதிக்கு இருந்தது. துரைசுவாமி தானே உட்கார்ந்து எழுதினார். 'தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம். அதற்கு நம்பர் இடப்பட்டுள்ளது. தாங்கள் கோரும் தொகையை எந்தத் தலைப்பில் செலவு எழுத வேண்டும் என்பதைக் குறிப்பிடாததால் கோரிக்கை பரிசீலிக்க இயலாத நிலையில் உள்ளது. அசல் அடையாள அட்டையுடன் வேலை நாளில் நேரில் ஆஜராகவும்.'

உதவி மையம் அரை மணி நேரத்தில் பதில் எழுதியது. தாங்கள் திருடர்கள் என்பதால் நேரில் வருவதில் சில சங்கடங்கள் இருப்பதாகவும், தாமதமானால் தொகை இரட்டிப்பாகும் என்றும் பணிவுடன் தெரிவித்திருந்தது.

பஞ்சாயத்து இதைக் கமிட்டியில் வைத்தது.

"இரட்டிப்பா?" என்றார் செல்லாத்தாள். "அதெப்புடீங்க? மூணு பேர்கிட்ட ரேட் கேக்காம ஒரு குண்டு பல்பு கூட வாங்க முடியாதுன்னு சொல்லித்தான தெருவிளக்கையே நிறுத்தி வெச்சிருக்கீங்க. இவனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, என் தெருவிளக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தது அப்போதுதான்.

'விலைப்புள்ளி முறைப்படி, இதே சேவையை வழங்கும் மேலும் இரண்டு திருடர்களின் ரேட் தேவைப்படுகிறது' என்று துரைசுவாமி எழுதினார். ஊர் காண்ட்ராக்டர்கள் எல்லாரும் செய்வதைத்தான் திருடனும் செய்தான். தானே வேறு இரண்டு பெயரில் கொஞ்சம் கூடுதலாக ரேட் எழுதி மூன்றையும் சேர்த்து அனுப்பினான். இவ்வளவு சீக்கிரம் நம் நடைமுறைக்குப் பழகிவிட்டானே என்று அலுவலகத்தில் அவன் மேல் ஒரு மதிப்பு வந்தது. ஆனால் மூன்று கடிதத்திலும் எழுத்துப் பிழை ஒரே இடத்தில் இருப்பதை துரைசுவாமி கண்டுபிடித்துவிட்டார். 'தங்கள் நேர்மையில் சந்தேகம் எழுவதால் விளக்கம் தேவை' என்று எழுதினார். திருடன் விளக்கம் எழுதினான். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். மனிதன் ஞாயிற்றுக்கிழமையிலும் உட்கார்ந்து எழுதினான். ஆனால் பஞ்சாயத்தில் ஞாயிற்றுக்கிழமை வாசிக்க ஆள் கிடையாது.

கடிதங்கள் போய் வந்துகொண்டிருந்தன. மாங்காய்க்கு இதெல்லாம் தெரியாது. குஞ்சு முகம்மது தினமும் வந்து பெஞ்சில் உட்காருவார். ரம்லா தோப்பிலிருந்து போன் செய்வாள். போனை அவர் காதோடு வைத்துப் பேசினாலும் அந்த அம்மாளின் குரல் வராந்தா முழுக்கக் கேட்கும்.

"ஏனுங்க, அடிப் பெட்டி மணக்க ஆரம்பிச்சிருச்சுங்க."

"வைக்கோலை விலக்கி வை. காத்தாடட்டும்."

"விலக்கித்தான் வெச்சிருக்கேன். காத்தே சூடா அடிக்குது. சார் என்ன சொல்றாரு?"

"லெட்டர் எழுதறாரு."

"ஆருக்கு? நமக்கா?"

"திருடனுக்கு."

மறுமுனையில் ரம்லா என்ன சொன்னாள் என்பது இங்கே எழுதத் தக்கதல்ல. ஆனால் நியாயமானது.

இந்த நேரத்தில்தான் மேலிடம் இணையப் பாதுகாப்பு வாரம் அறிவித்தது. இப்போதெல்லாம் எதற்கும் ஒரு வாரம் கொண்டாடாவிட்டால் அது நடந்த மாதிரியே இல்லை. வாசலில் பூட்டுப் படம் போட்ட ஃபிளெக்ஸ் கட்டினார்கள். பூட்டின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள, முகம் தெரிய வட்டமாக ஓட்டை வெட்டிய ஒரு அட்டை வைத்தார்கள். எல்லாருடைய கழுத்திலும் நீலக் கயிற்றில் ஒரு அடையாள அட்டை. மாம்பாறைப்பதியில் அதைப் போட்டுக்கொள்ளாதவனைச் சந்தேகமாகப் பார்க்கிற நிலைமை வந்தது. டீக்கடைக்காரர் கூட ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டார்.

வகுப்பெடுக்க ரமேஷ்குமார் என்ற நிபுணர் வந்தார். வெள்ளைப் பனியன் மாதிரி ஒரு சட்டை, காதோரம் மைக். "ஃபிரெண்ட்ஸ்," என்று ஆரம்பித்தார். எங்களை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

"ஃபிரெண்ட்ஸ், தெரியாத மெயில்ல இருந்து வர்ற அட்டாச்மென்ட்டைத் தொறக்கவே கூடாது. அவசரம்னு சொன்னா தொறக்காதீங்க. ஃப்ரீன்னு சொன்னா தொறக்காதீங்க. மரியாதையா எழுதியிருந்தா கண்டிப்பாத் தொறக்காதீங்க."

"மரியாதையா எழுதியிருந்தா ஏனுங்க தொறக்கக் கூடாது?" என்று கேட்டார் செல்லாத்தாள்.

"மேடம், உங்களுக்கு இதுவரைக்கும் எந்த கவர்மென்ட் லெட்டராவது மரியாதையா வந்திருக்குங்களா?"

செல்லாத்தாள் யோசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ரமேஷ்குமார் தன் பென் டிரைவை அலுவலகக் கம்ப்யூட்டரில் சொருகிப் படம் காட்டினார். அது பூட்டப்பட்ட கம்ப்யூட்டர்தானே என்று வாட்ச்மேன் மட்டும் கேட்டார். "டெமோவுக்கு அதுதான் கரெக்ட்," என்றார் நிபுணர். வகுப்பு முடிந்ததும் அதே பென் டிரைவை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். அங்கேயும் வகுப்பு நன்றாக நடந்ததாகவும், இப்போது அங்கேயும் எதுவும் திறப்பதில்லை என்றும் செய்தி.

போவதற்கு முன் எல்லோரையும் கை நீட்டி உறுதிமொழி எடுக்க வைத்தார். 'திறக்க மாட்டேன், திறக்க மாட்டேன், எது வந்தாலும் திறக்க மாட்டேன்.' அலுவலகத்தில் எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னார்கள். பல வருடமாகத் தாங்கள் கடைப்பிடித்து வந்ததற்கு இப்போதுதான் ஒரு அங்கீகாரம் கிடைத்தது என்று துரைசுவாமியின் முகம் சொன்னது. குப்பைப் பெட்டியிலிருந்து யாரையும் இனி வெளியே அழைக்க வேண்டாம் என்று அம்ருதாவுக்கும் உத்தரவு.

மறுநாள் காலை உதவி மையத்திலிருந்து கடிதம் வந்தது. குஞ்சு முகம்மது பெஞ்சில்தான் இருந்தார். நானும் இருந்தேன். அம்ருதா வாசித்தாள்.

'மதிப்பிற்குரிய செக்ரட்டரி ஐயா அவர்களுக்கு. நாங்கள் பல நாடுகளில் தொழில் செய்திருக்கிறோம். ஆஸ்பத்திரி, பாங்கு, கப்பல் கம்பெனி எல்லாவற்றையும் பூட்டியிருக்கிறோம். இப்படி ஒரு அனுபவம் எங்களுக்கு ஏற்பட்டதில்லை. உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுதிய எங்கள் ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார். எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். சாவியை இலவசமாக இணைத்திருக்கிறோம். திறந்தால் உங்கள் ஃபைல்கள் எல்லாம் திறந்துகொள்ளும். தயவு செய்து இனி எங்களுக்கு எழுத வேண்டாம். உங்கள் சேவையில், உதவி மையம்.'

குஞ்சு முகம்மது எழுந்துவிட்டார். "தொறங்கம்மா! சாவி வந்திருச்சு, தொறங்க!"

அம்ருதாவின் விரல் கம்ப்யூட்டர் எலியின் மேல் இருந்தது. துரைசுவாமியைப் பார்த்தாள்.

"என்ன போட்டிருக்கு? இலவசம்னு போட்டிருக்கோ?" என்று கேட்டார் அவர்.

"ஆமாங்க சார்."

"மரியாதையா எழுதியிருக்கோ?"

"மதிப்பிற்குரியன்னு போட்டிருக்குங்க சார்."

"அப்போ தொறக்கப்படாது."

"சாரே," என்றார் குஞ்சு முகம்மது. "அன்னைக்கு ஆடிட்டுன்னு வந்தப்போ ஊரைக் கூட்டித் தொறந்தீங்க. இன்னைக்கு நான் காலைப் புடிச்சுக் கேக்கறேன். இதுல என் நம்பர் இருக்குது, கரண்ட் இருக்குது, இந்த வருசத்துப் பொழப்பே இருக்குது. ஒரே ஒரு தடவை தொறந்து பாருங்க. பூட்டினது பூட்டினதுதான, இனி என்ன போயிரப் போகுது?"

"உறுதிமொழி எடுத்திருக்கேன், ராவுத்தரே. கையை நீட்டி எடுத்திருக்கேன். போட்டோ கூட மேலிடத்துக்குப் போயாச்சு."

அம்ருதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் உத்தரவு உத்தரவுதான். அழித்தாள். அழித்ததை மறுபடியும் எடுக்க முடியாதபடி இன்னொரு முறையும் அழித்தாள். அதற்கு எப்படி என்றும் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் ஜூஸ் கம்பெனி லாரி முதலமடை ரோட்டில் வந்து நின்றது. குளிர் அறைக்கென்று பறித்த அல்போன்சா கூழுக்குப் போனது. பெயர் எழுதி ஒட்ட ரம்லா அச்சடித்து வைத்திருந்த ஸ்டிக்கர் கட்டு அப்படியே பிரிக்காமல் கிடந்தது. லாரிக்காரன் கூட வேண்டாம் என்று தள்ளிய ஒரு பெட்டி மட்டும் மிச்சம். ஒரு மனுஷனைக் கெடுக்கத் திருடன் ஒருவன் போதாது, யோக்கியர்கள் பத்துப் பேராவது கூட வேண்டும் என்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன்.

அந்த மிச்சப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு குஞ்சு முகம்மது பஞ்சாயத்துக்கு வந்தார். துரைசுவாமியின் மேஜை மேல் 'தொம்' என்று வைத்தார். பெட்டியின் அடியிலிருந்து சாறு கசிந்து சர்க்குலர் மேல் வழிந்தது.

"இதான் சாரே என்ற ஃபைல். இதாவது தொறக்குதான்னு பாருங்க."

யாருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. துரைசுவாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செல்லாத்தாள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்க பாய்," என்றார். அப்புறம் மணம் மூக்கில் ஏறியது. யாரோ கத்தி எடுத்து வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அலுவலகம் முழுவதும் கையை நக்கிக்கொண்டிருந்தது. நல்ல இனிப்பு. நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

அப்போதுதான் அம்ருதா திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"சார்! நம்ம பஞ்சாயத்துக்கு விருது வந்திருக்குங்க! சிறந்த இணையப் பாதுகாப்பு விருது! பாராட்டுப் பத்திரமும், பயன் பெற்ற பொதுமக்களோட பேரும், நிலுவை ஃபைல்களுக்கான சிறப்பு உத்தரவும் இணைப்புல இருக்குதாமுங்க!"

சந்தேகப்படுவதற்கு என்ன இருக்கிறது? அவசரம் என்று எழுதியிருக்கவில்லை. இலவசம் என்று எழுதியிருக்கவில்லை. மரியாதையும் அவ்வளவாக இல்லை. 'உடனே பெற்றுக்கொண்டு தெரிவிக்கவும்' என்று அதட்டலாகவே இருந்தது. அசல் அரசாங்கக் கடிதம். அடியில் மட்டும், சின்ன எழுத்தில், 'உங்கள் சேவையில்' என்று இருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். இணையப் பாதுகாப்பு வாரத்தில் பாடம் படித்தவன் அந்தத் திருடன் ஒருவன்தான்.

மாம்பழக் கையோடு துரைசுவாமி எலியைப் பிடித்தார். அழுத்தினார். காத்திருந்தார்.

"எனக்குத் தொறக்கலையே. பிரசிடெண்ட், உங்களுக்குத் தொறக்கறதா பாருங்கோ."

"எனக்கும் தொறக்கலீங்க."

குஞ்சு முகம்மது கதவு வரைக்கும் போனவர் நின்றார். முகத்தில் அத்தனை கசப்பும் இருந்தது. ஆனாலும் காதில் விழுந்த வார்த்தை அவரை விடவில்லை.

"நிலுவை ஃபைலுக்கு உத்தரவுன்னா... அதுல என்ற கட்டிட நம்பரும் இருக்குமா சாரே?"

"இருக்கலாம்."

"அப்ப எனக்கு ஒண்ணு அனுப்புங்க. எங்க ஊட்டுல தொறக்குதான்னு பாக்கறேன்."

அனுப்பினார்கள். அவர் வீட்டில் திறக்கவில்லை. ரம்லா தன் அண்ணனுக்கு அனுப்பினாள். எனக்கும் ஒன்று வந்தது. இவ்வளவு நேரம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும் நான் திறந்திருப்பேனா என்று நீங்கள் கேட்கலாம். அதில் தெருவிளக்கு உத்தரவு இருந்தால்? கம்ப்யூட்டர் கூட ஒரு முறை கேட்டது, திறக்கத்தான் வேண்டுமா என்று. ஆம் என்றேன். ஒன்றும் வரவில்லை.

உங்களுக்கும் ஏதாவது ஒரு ஃபைல் எங்காவது நிலுவையில் இருக்கும்தானே? அனுப்பியிருக்கிறேன். எனக்குத் திறக்கவில்லை. உங்களுக்குத் திறக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.